மெட்டி இறுகிய எட்டாம் மாதம்

என் மகள் தூங்கும் நேரம்தான் எனக்குக் கிடைக்கிற நேரம். அவள் தூங்கும்போது நானும் தூங்க வேண்டும் என்று எங்கள் ஊர் நர்ஸம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். உடம்பு முழுக்க அசதி இருக்கிறது, தூக்கம் மட்டும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். பார்க்க வருகிற பெண்கள் எல்லோரும் என்ன ஆச்சு என்று கேட்கிறார்கள். முதலில் வந்தவர்களுக்கு முழுக் கதையும் சொன்னேன். அடுத்து வந்தவர்களுக்குப் பாதி சொன்னேன். இப்போது "பி.பி.தான்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறேன். அதைக் கேட்டு அவர்களும் தலையை ஆட்டிவிட்டுக் குழந்தையின் மூக்கு யார் மூக்கு என்று பேசப் போய்விடுகிறார்கள். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கேட்கிறவர்களில் இரண்டு பேர் வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறார்கள்.

எங்கள் குப்பம் பழவேற்காட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல். நடுவில் இருக்கிற மணலில்தான் நாங்கள். விடிகாலையில் படகு வந்தால் பெண்கள் ஈர மணலில் நின்று மீனைப் பிரிப்போம், கூடையில் அடுக்குவோம், விற்காததைக் கழுவி உப்பில் போடுவோம். உட்காரும் வேலை எதுவும் இல்லை. சாயங்காலம் ஆனால் கால் வீங்கும். கால் வீங்காத பொம்பளை எங்கள் ஊரில் இல்லை. அதனால் எனக்குக் கால் வீங்கியபோது யாரும் அதை ஒரு சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை. நானும் எடுத்துக்கொள்ளவில்லை.

மெட்டி விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. எங்கள் தெருவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஆம்பளை தண்ணீரில் இருக்கும்போது பெண்டாட்டி காலில் இருந்து மெட்டியைக் கழற்றக் கூடாது. கழுவுவதானாலும், தேய்ந்துபோய் மாற்றுவதானாலும், அவர் கரை ஏறின பிறகுதான். யார் சொல்லி வைத்தது என்று தெரியாது. என் அம்மா வீடும் கடற்கரைக் குப்பம்தான், அங்கேயும் இதுதான் வழக்கம். படித்த பெண்தானே, இதையெல்லாம் நம்புவாயா என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் கேட்டார். நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். மீஞ்சூரில் ஒரு கம்பெனிக்குக் கல்யாணம் வரை வேலைக்குப் போனவள். நம்புகிறேனா என்று யாராவது உட்கார வைத்துக் கேட்டால் இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் என் வீட்டுக்காரர் கடலில் இருக்கும்போது என் கை அந்த விரல் பக்கம் போனதில்லை.

எட்டாம் மாதத்தில் மெட்டி இறுகியது. முதலில் தோலில் ஒரு கோடு விழுந்தது. பிறகு விரல் இரண்டு பக்கமும் உப்பி, மெட்டி நடுவில் அமுங்கிப் போனது. தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பிப் பார்த்தேன், அசையவில்லை. என் மாமியார், அத்தை என்றுதான் கூப்பிடுவேன், பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார். மெட்டி இறுகினால் புருஷனுக்கு நல்லது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு இருக்கிறது. அக்கம்பக்கத்தில் இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டக்கூடச் செய்தார். என் காலை ஊர் பார்த்து மெச்சியது அந்த ஒரு தடவைதான்.

அது இறுகிய காரணத்தை மட்டும் ஒருவரும் யோசிக்கவில்லை. வீக்கம் சாயங்காலம் வந்து காலையில் வடிகிற வீக்கமாக இருந்தது போய், காலையிலும் அப்படியே இருந்தது. முகம் உப்பியது. கண்ணாடியில் பார்த்தால் கன்னம் பூரித்துப் போன மாதிரி இருந்தது. எல்லோரும் பிள்ளைக் களை என்றார்கள். தலைவலி இருந்துகொண்டே இருந்தது. உப்புக் காற்று, வெயில் என்று நானே ஒரு காரணம் வைத்துக்கொண்டு தைலம் தேய்த்தேன். நெஞ்சுக்குக் கீழே வலது பக்கம் ஒரு வலி வந்தது. வாயு என்று சொல்லி அத்தை சீரகம் கொதிக்க வைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் எங்களிடம் தயாராக இருந்தது. எல்லாம் சேர்ந்து ஒரே விஷயம் என்பதற்குத்தான் பெயர் இல்லை.

அந்த வாரம் நர்ஸம்மா பி.பி. பார்க்க வரச் சொல்லியிருந்தார். அன்றைக்கு மீன் நிறைய வந்திருந்ததால் நான் போகவில்லை. அடுத்த நாள் போகலாம் என்று விட்டேன். அடுத்த நாள் அதற்கடுத்த நாள் ஆனது.

ஒரு காலையில் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். கண்ணுக்கு முன்னால் பொறி பறந்தது. அடுப்புப் பொறி என்று நினைத்து முகத்தைத் திருப்பினேன். சுவரிலும் பறந்தது. கண்ணை மூடினேன், மூடின கண்ணுக்குள்ளும் பறந்தது. அப்போதுதான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. என் வீட்டுக்காரர் முந்தின நாள் சாயங்காலமே கடலுக்குப் போய்விட்டிருந்தார். இரவு அங்கேயே தங்கி வலை போட்டு, மறுநாள் மத்தியானம் திரும்பும் படகு அது. அத்தை என்னைக் கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போய் நர்ஸம்மாவிடம் விட்டார்.

நர்ஸம்மா பி.பி. பட்டையைச் சுற்றி ஒரு தடவை பார்த்தார். கையை மாற்றி இன்னொரு தடவை பார்த்தார். ஒரு டப்பாவைக் கொடுத்து மூத்திரம் பிடித்து வரச் சொன்னார். அதில் ஒரு பட்டைக் காகிதத்தை முக்கி எடுத்ததும் அது பச்சையாக மாறியது. எனக்குப் பச்சை நல்ல நிறம் என்றுதான் பட்டது. அவர் அதற்குள் போனை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருந்தார். பேசி முடித்துவிட்டு என் கணுக்காலுக்கு மேலே எலும்பின்மேல் கட்டைவிரலால் அழுத்தினார். எடுத்த இடத்தில் குழி அப்படியே நின்றது. அத்தையைக் கூப்பிட்டு அந்தக் குழியைக் காட்டினார்.

"இது நின்னு வேலை செஞ்ச வீக்கம் இல்லம்மா," என்றார். "இது வேற."

அது என்ன என்று பிறகு பல பேர் பல தடவை சொல்லித்தான் எனக்குப் புரிந்தது. கர்ப்பத்தில் சில பேருக்கு ரத்த அழுத்தம் ஏறிவிடும். அது ஏறும்போது சிறுநீரகம் அடிபட்டு, உடம்பில் நிற்க வேண்டிய சத்து மூத்திரத்தில் கசியும். தண்ணீர் ரத்தக் குழாயில் நிற்காமல் சதைக்குள் இறங்கும். அதுதான் வீக்கம். கல்லீரல் வீங்கினால் நெஞ்சுக்குக் கீழே வலிக்கும். அதைத்தான் நாங்கள் சீரகத் தண்ணீரால் சரி செய்துகொண்டிருந்தோம். மூளைக்குப் போனால் தலைவலி, கண்ணில் பொறி, அதற்கடுத்து வலிப்பு. பிள்ளைக்குப் போகிற ரத்தமும் குறையும். ப்ரீஎக்லாம்ப்சியா என்று பெயர் சொன்னார்கள். வலிப்பு வந்துவிட்டால் பெயர் கொஞ்சம் சின்னதாகி எக்லாம்ப்சியா ஆகும், அப்போது தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். எங்கள் ஊரில் அதை ஜன்னி என்பார்கள். ஜன்னி கண்டு போனவள் என்று சின்ன வயதில் இரண்டு மூன்று பேரைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறேன். அவர்களுக்கும் மெட்டி இறுகியிருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

ஆம்புலன்ஸ் பொன்னேரிக்குக் கொண்டுபோனது. அங்கே ஒரு ஊசி போட்டு, இங்கே வைத்துக்கொள்ள முடியாது, பிள்ளைக்கு மாதம் பத்தாது, குறைமாதப் பிள்ளையைப் பார்க்கிற வசதி உள்ள இடத்துக்குப் போங்கள் என்று சென்னைக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அத்தை ஒயர் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதில் எனக்கு ஒரு நைட்டியும், ஒரு சொம்பும், அவசரத்தில் எடுத்துப் போட்ட அடுப்பங்கரைத் துணியும் இருந்தன. இன்னொரு கையில் போன். மகனுக்குப் போட்டுக்கொண்டே வந்தார். கடலில் கொஞ்ச தூரம் போனாலே போன் எடுக்காது என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் போட்டார். லைட்டை அணையுங்கள், கண் கூசுகிறது என்று நான் கேட்டேன். அந்த வண்டியில் அப்போது லைட்டே போடவில்லையாம்.

பெரிய ஆஸ்பத்திரியில் நுழைந்ததும் என்னை ஒரு ஓரமான அறையில் படுக்கவைத்தார்கள். வெளிச்சமும் சத்தமும் பட்டால் வலிப்பு வரலாம் என்று திரை போட்டிருந்தார்கள். திரைக்கு அந்தப் பக்கம் சத்தம் சந்தை மாதிரிதான் இருந்தது. மெக்னீசியம் என்று ஒரு மருந்து ஏற்றினார்கள். அது வலிப்பைத் தடுக்கிற மருந்து. ஏறும்போது உடம்பெல்லாம் நெருப்பு பற்றிய மாதிரி காந்தியது, நாக்கு தடித்துப்போனது. மருந்து அதிகமானால் மூச்சு நின்றுவிடுமாம். அதனால் ஒருவர் வந்து வந்து ஒரு சின்னச் சுத்தியால் முழங்காலில் தட்டிப் பார்த்துவிட்டுப் போவார். கால் துள்ளினால் சரி. என் கால் துள்ளிக்கொண்டே இருந்தது. மூத்திரத்துக்குக் குழாய் வைத்தார்கள். பையில் தேத்தண்ணீர் நிறத்தில் அடியில் கொஞ்சம் கிடந்தது.

பிற்பகல் டாக்டரம்மா வந்து வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். சின்ன வயசு, கண்ணுக்குக் கீழே கருப்பு, அவரும் நேற்றிலிருந்து தூங்காதவர் என்று பார்த்தாலே தெரிந்தது. பிள்ளையின் துடிப்பு இறங்குகிறது, பி.பி. இறங்கவில்லை, இதற்கு மருந்து ஒன்றுதான், பிள்ளையை எடுத்துவிடுவது என்றார். இப்போதே ஆபரேஷன். அத்தை காகிதத்தில் கைநாட்டு வைத்தார். அதில் ஒரு தயக்கமும் இல்லை. என் கம்மலைக் கழற்றினார்கள், வளையலைக் கழற்றினார்கள். தாலியில் இருந்த தங்கத்தை எடுத்து அத்தையிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் கயிற்றை மட்டும் கழுத்தில் விட்டார்கள். அதற்கும் அத்தை ஒன்றும் சொல்லவில்லை. கயிறு கழுத்தில் இருக்கிறதே.

பிறகு நர்ஸ் போர்வையைத் தூக்கிக் காலைப் பார்த்தார். இரண்டு காலிலும் மெட்டி சதைக்குள் புதைந்து வெளியே தெரியவே இல்லை. விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது. சோப்பு போட்டு இழுத்தார். நான் கத்திவிட்டேன். அறுத்துத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போய்ச் சின்ன வெட்டுக் கருவி ஒன்றைக் கொண்டுவந்தார். ஆபரேஷனில் ரத்தத்தை நிறுத்தக் கரண்ட் கருவி வைப்பார்களாம், உடம்பில் உலோகம் இருந்தால் அந்த இடம் சுட்டுவிடுமாம். அது இல்லாவிட்டாலும் இரண்டு விரலும் ரத்தம் ஓடாமல் செத்துவிடும் என்றார்.

அத்தை என் கால்மாட்டில் வந்து நின்றார். இரண்டு கையாலும் என் பாதத்தை மூடிக்கொண்டார்.

"அவன் தண்ணியில கீறான். கரை ஏறட்டும், அப்பால கழட்டலாம்."

நர்ஸுக்குப் புரியவில்லை. விளக்கிச் சொன்னதும் கோபம் வந்தது. பிள்ளை உள்ளே தவிக்கிறது, நீங்கள் மெட்டிக்கு நேரம் பார்க்கிறீர்களா என்று கேட்டார். கேட்டதில் தப்பில்லை. அத்தை கையை எடுக்கவில்லை. ஊருக்குப் போன் போட்டார். மத்தியானம் வர வேண்டிய படகுகள் எல்லாம் வந்துவிட்டன, இவர் போன படகு மட்டும் வரவில்லை என்றார்கள். அதைக் கேட்டதும் அத்தையின் கை இன்னும் இறுகியது. அறுக்கலாமா என்று என்னிடம் கேட்டார்கள். வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள் என்றுதான் நானும் சொன்னேன். நாக்கு குழறினாலும் அதைத் தெளிவாகச் சொன்னேனாம். வயிற்றில் என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கும்போது நான் அப்படிச் சொன்னேன். ஆனால் அப்போது என் கண்ணுக்கு முன்னால் பொறியும், பொறிக்கு நடுவில் அவர் படகும்தான் இருந்தன.

டாக்டரம்மா திரும்பி வந்தார். என்ன தாமதம் என்றார். நர்ஸ் சொன்னார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அத்தையின் முகத்தைப் பார்த்தார், ஏனம்மா என்று மட்டும் கேட்டார்.

அத்தையோடு நான் மூன்று வருஷம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். என் மாமனார் கடலில் போனவர் என்று தெரியும். அவர் போன நாளைப் பற்றி அத்தை பேசி ஒரு நாளும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்த அறையில், முன்பின் தெரியாத ஒரு டாக்டரிடம் சொன்னார்.

"எனுக்கு ஏரியில கிளிஞ்சல் கீச்சி வெரல் வீங்கிப்போச்சு. நோவு தாங்காம மெட்டியக் கழட்டி மாடத்துல வெச்சேன். அவரு தண்ணியில இருந்தாரு. வர்ல. உடம்புகூட கெடைக்கல. இவன் அப்போ என் வயித்துல."

டாக்டரம்மா அத்தைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். பிறகு சொன்னார். "அம்மா, கடல்ல என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. இவங்களுக்கு வலிப்பு வரப்போகுது. அது எனக்குத் தெரியும்."

அத்தை என் காலையே பார்த்துக்கொண்டு நின்றார். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது, அதிகம் இருந்திருக்காது. பிறகு கையை எடுத்தார். கை எடுத்த இடத்தில் என் பாதத்தில் பத்து விரலும் குழி குழியாகப் பதிந்திருந்ததை நர்ஸ் பிறகு சொன்னார்.

"அறுத்துடுங்க," என்றார் அத்தை. "அவன் என் கண்ணுக்குத் தெரியல. இவ தெரியறா."

கருவி கடித்த சத்தம் எனக்குக் கேட்டது, வலி தெரியவில்லை. தள்ளுவண்டி நகரும்போது அத்தை குனிந்து தரையில் விழுந்த துண்டுகளைப் பொறுக்குவதைப் பார்த்தேன்.

கண் விழித்தபோது முதலில் வயிற்றைத் தொட்டேன். பெண் குழந்தை என்றார்கள். ஒன்றரைக் கிலோவுக்கு மேல் கொஞ்சம் இருக்கிறாள், மூச்சு விடக் கஷ்டப்படுகிறாள், கீழ் மாடியில் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருக்கிறோம் என்றார்கள். நான் இரண்டாவதாகக் கேட்டது அவரைப் பற்றி. யாருக்கும் தெரியவில்லை. அத்தை எங்கே என்று கேட்டேன். படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார், எழுப்பினாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார் என்று ஆயா சொன்னார். பிள்ளை பிறந்ததைச் சொன்னார்களாம், தலையை ஆட்டினாராம். போனை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாராம். அந்தப் படிக்கட்டில் அவர் உட்கார்ந்திருந்த நேரத்தை நினைத்தால், நான் அன்றைக்குப் பட்டது ஒன்றுமே இல்லை. எனக்காவது மயக்க மருந்து கொடுத்தார்கள்.

விளக்கு வைத்த பிறகு, படகு வந்துவிட்டது என்று மட்டும் அத்தைக்குப் போன் வந்தது. நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்ஜின் நின்றுபோய் மிதந்துகொண்டிருந்தார்களாம், வேறு குப்பத்துப் படகு ஒன்று கயிறு கட்டி இழுத்துவந்து கரை சேர்த்ததாம். அத்தை வார்டு வாசலில் வந்து நின்று என்னைப் பார்த்து, "ஏறிட்டான்" என்று ஒரு வார்த்தை சொன்னார். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன், தையல் வலித்தது, நிறுத்திக்கொண்டேன்.

பிள்ளை வெளியே வந்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். அப்படி இல்லை. பெற்ற பிறகும் வலிப்பு வரலாம், முதல் சில நாட்கள்தான் பயம் என்று மருந்தை நிறுத்தாமல் ஏற்றினார்கள். பி.பி. இறங்குவேன் என்று சொல்லும், பிறகு ஏறும். இரவும் பகலும் கையில் பட்டையைச் சுற்றி எழுப்பினார்கள். ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவில் ஒரு ஆள் பக்கவாட்டில் நிற்கலாம், அவ்வளவுதான் இடம். இரவில் ஒரு குழந்தை அழுதால் வார்டே அழும். என் குழந்தை மட்டும் அதில் இல்லை. பக்கத்தில் எல்லோரும் பிள்ளையை அணைத்துக்கொண்டு படுத்திருக்க, நான் வெறும் கையோடு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வெறுமையை என்னால் சொல்லி முடிக்க முடியாது.

பால் பீய்ச்சிக் கொடுக்கச் சொன்னார்கள். முதல் நாள் கிண்ணத்தின் அடி நனையக்கூட இல்லை. பக்கத்துக் கட்டிலில் பழவேற்காட்டுப் பெண் ஒருத்தி, அவளுக்குத் துணையாக அவள் அம்மா நசீமா. அந்த அம்மா ஒரு வெந்நீர்த் துணியைப் பிழிந்து என் நெஞ்சில் வைத்து, தோளைத் தடவிக் கொடுத்து, "அவசரப்படாத கண்ணு, வரும்" என்றார். சாயங்காலம் கிண்ணத்தில் கொஞ்சம் வந்தது. அதை ஏந்திக்கொண்டு, சிந்திவிடுமோ என்று சுவரோடு சுவராக மாடிப்படி இறங்கிப் போனேன். குழாய் வழியாக அந்தப் பால் என் மகளுக்குள் போவதைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். அவள் கை என் கட்டைவிரல் அளவு இருந்தது.

ஆஸ்பத்திரியில் மருந்துக்கும் ஆபரேஷனுக்கும் காசு கேட்கவில்லை. ஆனால் என் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போகாமல் ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஆம்பளைகளை வார்டுக்குள் விடமாட்டார்கள். பார்வையாளர் நேரத்தில் வந்து கால்மாட்டில் நிற்பார். கடலில் நாள் முழுக்கக் கத்திப் பேசுகிற மனிதர், அங்கே ரகசியம் மாதிரி பேசினார். முதல் நாள் என் வெறும் விரலைப் பார்த்தார். அதில் சதை இன்னும் வெட்டுப்பட்ட மாதிரி பிளந்து இருந்தது. தொடப்போய், தொடாமல் போர்வையை இழுத்து மூடினார். அடுத்த நாள் சிரித்துக்கொண்டே சொன்னார், மெட்டியை அறுத்த நேரத்தில்தான் என்ஜின் பிடித்தது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டாராம். இழுத்துக்கொண்டுதானே வந்தார்கள் என்று கேட்டேன். அது அம்மாவுக்கு எதற்கு என்றார்.

சாப்பாட்டில் உப்பைக் குறைத்துவிட்டார்கள். உப்பிலேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சோறு காகிதத்தைத் தின்கிற மாதிரி இருந்தது. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற வேண்டும் என்று ஊரிலிருந்து என் நாத்தனார், வீட்டுக்காரரின் அக்கா, சுட்ட கருவாடு கட்டி அனுப்பினார். எங்கள் பக்கம் பத்தியமே கருவாடுதான். அத்தை அதைப் பிரித்து மோந்துகூடப் பார்க்காமல் வெளியே கொண்டுபோய் யாருக்கோ கொடுத்துவிட்டு வந்தார். இதிலே உப்பு கீது, இவளுக்கு ஆவாது என்று நாத்தனாரிடம் போனில் கோபமாகப் பேசினார். நர்ஸ் சொன்ன ஒவ்வொன்றையும் அத்தை பிடித்துக்கொண்டார். சொன்னவர்களே மறந்துபோனதையும் அவர் மறக்கவில்லை.

முக்கியமாக அந்தக் குழி. காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் என் கணுக்காலுக்கு மேலே அழுத்திப் பார்ப்பார். குழி எவ்வளவு நேரம் நிற்கிறது என்று உதட்டுக்குள் எண்ணுவார். நசீமாம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் மகளின் காலையும் அழுத்தச் சொன்னார். கொஞ்ச நாளில் வரிசையாக நாலைந்து கட்டிலில் அத்தை அழுத்திவிட்டு வர ஆரம்பித்தார். டாக்டரம்மா ஒரு நாள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். வீக்கம் மட்டும் பார்த்தால் போதாது, பி.பி. பார்க்க வேண்டும், மூத்திரம் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தை அதற்கும் சரி என்றார்.

மகளைப் பெட்டியிலிருந்து எடுத்து என் நெஞ்சில் துணிக்குள் கட்டி வைத்தார்கள். சூடு பட்டால் எடை ஏறுமாம். ஏறியது, ஆமை வேகத்தில். அவளாகப் பாலைச் சப்பத் தெரிந்துகொண்ட பிறகு எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். எனக்கு பி.பி. மாத்திரை. நிறுத்தக் கூடாது, வாரா வாரம் பார்க்க வேண்டும், அடுத்த பிள்ளைக்கு அவசரப்படக் கூடாது, அப்படித் தங்கினால் முதல் மாதமே வந்து சொல்ல வேண்டும். இவ்வளவையும் டாக்டரம்மா சொல்லும்போது அத்தை என்னைவிடக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீட்டுக்காரர் தொழிலுக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கு முந்தின நாள் அத்தை புது மெட்டி வாங்கி வந்தார். இரண்டு முனையும் சேராத, விரித்து நெருக்கிக்கொள்ளும் மாதிரி மெட்டி. மறுநாள் விடிவதற்கு முன்னால் என் வீட்டுக்காரர் கிளம்பினார். அத்தை என்னை உட்காரவைத்து, மெட்டியைக் கையில் எடுத்தார். எடுத்துவிட்டு, வழக்கம்போல் எலும்பின்மேல் அழுத்தினார். குழி விழுந்தது. ஆழம் இல்லை, ஆனால் விழுந்தது. வாசலில் அவர் செருப்பை மாட்டாமல் நின்றார், அம்மாவைப் பார்த்தார். நானும் அத்தையைத்தான் பார்த்தேன். இன்றைக்கு வேண்டாம் என்று அத்தை சொன்னால் அவர் போகாமல் இருக்கத் தயாராக இருந்தார் என்பது எனக்குத் தெரிந்தது.

அத்தை மெட்டியைத் திரும்ப முந்தானையில் முடிந்துகொண்டார்.

"இன்னும் வடியல," என்றார். "நீ போய்ட்டு வா."

அவர் போனார். அத்தை கடற்கரைக்குப் போய், படகு அலையைத் தாண்டும் வரை நின்றார். நான் வெறும் விரலோடு வீட்டுக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன். அத்தை திரும்பி வந்ததும் எனக்கு மாத்திரையும் தண்ணீரும் எடுத்துக் கொடுத்தார். என்ஜின் விஷயம் உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டுவிட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

"தெரியும்," என்றார். "இஸ்துகினு வந்தவங்க என்கிட்ட சொன்னாங்க. அவன் பொய் சொல்றான்."

அன்றைக்கு மத்தியானம் படகு வந்தது. அதற்கடுத்த நாளும் வந்தது. ஒவ்வொரு நாளும் அவர் போவார், என் விரல் வெறுமையாக இருக்கும், அத்தை அலை வரைக்கும் போய் நின்றுவிட்டு வந்து என் காலை அழுத்திப் பார்ப்பார்.

நேற்றுக் காலையில் குழி விழவில்லை. அத்தை இரண்டு கால்களையும் அழுத்தினார், இடம் மாற்றி அழுத்தினார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்து மெட்டியை எடுத்து என் விரலில் போட்டார். நெருக்கிவிடாமல் கொஞ்சம் தளர்வாகவே விட்டார். தன் சுண்டுவிரல் நகத்தை இடைவெளியில் விட்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். என் வீட்டுக்காரர் அப்போது கடலில்தான் இருந்தார்.

"இறுகினா ஒடனே சொல்லு," என்றார் அத்தை. "அவன் எங்க இருந்தாலும் கழட்டிடலாம்."